தோற்ற கோட்டைக்கு 135 அடிக் கோபுரம் எதற்கு?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். கனெக்டிகட் மாநிலத்தில் கிராட்டன் ஊர்க் குன்றின் மேலுள்ள கருங்கல் கோபுரத்தைக் குடும்பத்தோடு பார்த்திருக்கிறீர்கள். 1781இல் அமெரிக்கப் புரட்சியின்போது சுமார் 165 ஊர்க்காரர்கள் அங்கிருந்த கிரிஸ்வோல்டு கோட்டையைக் காக்க நின்றதும், சுமார் 800 பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் தோற்றதும், பாதிக்கு மேல் மாண்டதும், எதிர்க்கரையில் நியூ லண்டன் நகரம் எரிந்துபோனதும் அங்கே எழுதியிருக்கிறது. "சரணடையச் சொன்னபோதே சரணடைந்திருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்களே, தோற்றதற்கு ஏன் கோபுரம்?" என்று உங்கள் மகள் கேட்டாள், உங்களுக்குப் பதில் தெரியவில்லை. நல்ல கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர்கள் வீணாகச் செத்தார்களா என்பது ஒன்று. அந்தக் கோபுரம் எதைப் போற்றுகிறது, சரியாகப் போற்றுகிறதா என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஆனால் முதலாவதைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

நான் பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிறவன். பல ஆண்டுகளாக மாணவர்களை அந்தக் குன்றுக்குக் கூட்டிப்போகிறேன். போர்க்கலை படித்தவன் இல்லை. அதனால் படை நகர்வுகளை நுணுக்கமாக அலசுவதை விட்டுவிட்டு, அங்கிருந்தவர்கள் எழுதி வைத்ததையும் எதிர்த்தரப்புத் தளபதியின் அறிக்கையையும் வைத்துப் பேசுகிறேன்.

அந்தத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டு. முன்பு அமெரிக்கப் படையில் பேர் வாங்கிய தளபதி, 1780இல் கட்சி மாறியவர். பிறந்தது நார்விச் நகரில். நியூ லண்டன் துறைமுகத்திலிருந்து தேம்ஸ் ஆற்றோடு மேலே போனால் 14 மைலுக்குள் வந்துவிடும். (லண்டன் ஆற்றின் பேரைத்தான் இதற்கும் வைத்தார்கள்.) அந்தக் கரை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நியூ லண்டன்மேல் பிரிட்டிஷாருக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது. அரசு உரிமம் வாங்கிக்கொண்டு எதிரியின் சரக்குக் கப்பல்களைப் பிடிக்கும் தனியார் கப்பல்களுக்கு அந்தத் துறைமுகம்தான் கூடு. அந்த ஆண்டுகூட ஹன்னா என்ற பிரிட்டிஷ் கப்பலை நிறைந்த சரக்கோடு பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அப்புறம், அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி வாஷிங்டன் தன் படையோடு தெற்கே வர்ஜீனியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வடக்கே ஒரு தாக்குதல் நடத்தினால் அவர் கவனம் திரும்பும் என்ற கணக்கும் இருந்தது.

1781 செப்டம்பர் 6. சுமார் 1,700 பேரோடு ஆர்னால்டு வந்தார். இரவிலேயே இறங்கிவிட நினைத்தார், காற்று திசை மாறியதால் முடியவில்லை. விடிந்தபோது கப்பல்கள் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தன. ஊரில் ஒரு ஏற்பாடு உண்டு. பீரங்கி இரண்டு முறை வெடித்தால் ஆபத்து, படையாட்கள் ஓடி வர வேண்டும். மூன்று முறை வெடித்தால் நல்ல செய்தி, கப்பல் ஒன்று பிடிபட்டு வருகிறது என்று பொருள். கோட்டையிலிருந்து இரண்டு முறை சுட்டார்கள். உடனே பிரிட்டிஷ் கப்பலிலிருந்து மூன்றாவதாக ஒரு வெடி. கேட்டவர்களில் பலர் நல்ல செய்தி என்று நினைத்துப் புறப்படாமல் இருந்துவிட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே மிலிஷியா என்றால் யார் என்று உங்கள் மகளுக்குச் சொல்லிவிடுங்கள். சம்பளம் வாங்கும் சிப்பாய்கள் இல்லை. விவசாயி, மாலுமி, தச்சர், கடைக்காரர் எல்லாரும் அதில் இருந்தார்கள். அழைப்பு வந்தால் சொந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். அன்று கோட்டைக்குள் வந்தவர்கள் 150இலிருந்து 165 பேர் வரை. அப்பா பிள்ளை, அண்ணன் தம்பி, மாமன் மருமகன் என்று ஒரே குடும்பத்தில் பலர். பட்டியலைப் பார்த்தால் ஏவரி என்ற ஒரே குடும்பப் பெயர் வரிசையாக வரும். அந்தக் குடும்பத்தில் மட்டும் ஒன்பது பேர் இறந்தார்கள். பீரங்கிப் பொறுப்பிலிருந்த கேப்டன் வில்லியம் லேதமின் மகனுக்கு வயது 12. அவனும் உள்ளேதான் இருந்தான், வெடிமருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை.

மேற்குக் கரையிலிருந்த டிரம்புல் கோட்டையில் கேப்டன் ஆடம் ஷேப்லியும் இருபத்துச் சொச்சம் பேரும்தான். நிலத்துப் பக்கம் சுவரே இல்லாத கோட்டை அது. ஒருமுறை சுட்டுவிட்டு, பீரங்கிகளை எதிரி பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டு, படகுகளில் ஆற்றைக் கடந்து கிழக்குக் கரையிலுள்ள கிரிஸ்வோல்டு கோட்டைக்கு வந்தார்கள். ஒரு படகு வழியிலேயே பிடிபட்டது. வந்து சேர்ந்தவர்கள் மறுபடி போருக்கு நின்றார்கள்.

கோட்டைத் தலைவர் கர்னல் வில்லியம் லெட்யார்டு. சரணடையும்படி இரண்டு முறை ஆள் வந்தது. இரண்டாவது முறை, மறுத்தால் போர் விதிப்படி நடப்போம், அதாவது யாருக்கும் உயிர்ப்பிச்சை கிடையாது என்று எச்சரித்தார்கள். என்ன ஆனாலும் சரி, கோட்டையை விட மாட்டோம் என்று பதில் போனது. உங்கள் மகளின் கேள்வி சரியாக இந்த இடத்தில்தான் நிற்கிறது. அவர்களுக்கு என்ன நம்பிக்கை இருந்தது? இரண்டைச் சொல்லலாம். வெளியே இன்னும் நிறைய ஊர்ப்படையாட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள், உள்ளே வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. இரண்டாவது, கோட்டை பலமானது. சுற்றிலும் அகழி, உயரமான மண்மதில், கல் முகப்பு. நான் சொல்ல வேண்டாம், ஆர்னால்டே சொல்கிறார். நியூ லண்டன் பக்கத்து மேட்டில் ஏறி அக்கரையைப் பார்த்தபோதுதான் தனக்குக் கிடைத்த தகவல் தப்பு, கோட்டை நினைத்ததைவிட உறுதியாக இருக்கிறது என்று தெரிந்ததாம். தாக்க வேண்டாம் என்று உடனே ஆள் அனுப்பியிருக்கிறார். ஆள் போய்ச் சேர்வதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. எதிரித் தளபதியே கைவிடப் பார்த்த தாக்குதல் இது. அதனால் உள்ளே இருந்தவர்கள் கண்மூடித்தனமாகச் சாகத் துணிந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தாக்குப்பிடிக்கலாம் என்று நினைக்க அவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது.

சண்டை நடந்தது முக்கால் மணி நேரம் போல. அதற்குள் பிரிட்டிஷ் தரப்பில் கர்னல் எட்மண்ட் ஐர் படுகாயம் அடைந்தார். அடுத்துப் பொறுப்பேற்க வேண்டிய மேஜர் மான்ட்கோமரி மதிலேறும்போது ஈட்டி குத்திச் செத்தார். ஆர்னால்டின் கணக்குப்படி அவர் பக்கம் 48 பேர் சாவு, 145 பேர் காயம். கிட்டத்தட்ட எல்லாமே இந்தக் கோட்டையில்தான். கடைசியில் எண்ணிக்கை ஜெயித்தது. மதில் ஏறினார்கள், கதவைத் திறந்தார்கள், லெட்யார்டு ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் கோபுரத்தின் கல்வெட்டு படுகொலை என்கிறது. இது வெற்றி பெற்ற நாடு பிறகு ஜோடித்த கதை என்று சொல்பவர்கள் உண்டு, என் மாணவர்களிலும் சிலர் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். நான் சாட்சிகளின் வாக்குமூலத்தை முதலில் எடுக்க மாட்டேன். ஆர்னால்டின் அறிக்கையிலுள்ள எண்களையே கரும்பலகையில் எழுதுவேன். கோட்டைக்குள் கிடந்த பிணங்கள் 85, காயம்பட்டவர்கள் 60, அவர்களிலும் பெரும்பாலோர் பிழைக்க முடியாத நிலை. இப்போது அவருடைய சொந்தப் படையின் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் சாவுக்கு மூன்று பேர் காயம். துப்பாக்கிச் சண்டையில் பொதுவாக இப்படித்தான் இருக்கும், காயம்பட்டவர்கள் எண்ணிக்கை செத்தவர்களைவிட அதிகமாக இருக்கும். கோட்டைக்குள்ளோ தலைகீழ். அதுவும் மதிலுக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்று சுட்டவர்களிடம். எதிரி உள்ளே வரும்வரை தங்கள் பக்கம் இறந்தவர்கள் மிகச் சிலரே என்று ரூஃபஸ் ஏவரி, ஸ்டீஃபன் ஹெம்ஸ்டெட் போன்று உள்ளே இருந்து பிழைத்தவர்கள் சொன்னது இந்த எண்களோடு பொருந்துகிறது. ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள்மேல் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) பாய்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சரணடைய மறுத்த கோட்டையை ஏறிப் பிடித்தால் உயிர்ப்பிச்சை தரத் தேவையில்லை என்ற பழக்கம் அன்றைய ஐரோப்பியப் படைகளில் இருந்தது உண்மைதான். தன் அதிகாரிகள் அடுத்தடுத்து விழுவதைப் பார்த்த சிப்பாய்களின் வெறியும் சேர்ந்தது. ஏன் நடந்தது என்று விளங்கிக்கொள்ள அது உதவும், நடந்ததை மாற்றாது.

சரி, உறுதியானது இவ்வளவு. இனி உறுதியில்லாதவை. இவற்றைத்தான் சுற்றுலா வழிகாட்டிகள் அதிக ஆர்வத்தோடு சொல்வார்கள்.

லெட்யார்டு தன் வாளை ஒப்படைத்தார், வாங்கிய அதிகாரி அதே வாளால் அவரைக் குத்திக் கொன்றார் என்பது மிகப் பிரபலமான கதை. சரணடைந்த நிலையில் அவர் கொல்லப்பட்டார் என்பது வரைக்கும் சரி. கொன்றவர் யார் என்பதில் ஒத்த கருத்து இல்லை. மான்ட்கோமரிக்குப் பிறகு பொறுப்பேற்ற பிராம்ஃபீல்டு என்று சிலர், பெக்வித் என்று சிலர். லெட்யார்டு அன்று அணிந்திருந்த உடை இன்றும் பாதுகாப்பில் இருக்கிறது. அதிலுள்ள ஓட்டைகளை வைத்து, குத்தியது வாளே இல்லை, பயனெட்டாக இருக்கலாம் என்று வாதிட்டவர்களும் உண்டு. பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பது என் முடிவு. இன்னொன்று, கொடிக்கயிறு குண்டுபட்டு அறுந்து கொடி விழுந்தது, அதைச் சரணாகதி என்று நினைத்து முன்னால் வந்தவர்கள்மேல் மறுபடி குண்டு பாய்ந்ததால்தான் பிரிட்டிஷார் வெறிகொண்டார்கள் என்ற கதை. நடந்திருக்கலாம். ஆனால் அதுதான் படுகொலைக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்த வாக்குமூலங்களில் சில எப்போது எழுதப்பட்டவை என்பதையும் பாருங்கள். ஹெம்ஸ்டெட் தன் நினைவுகளை வெளியிட்டது 1826இல், மிசூரியில் குடியேறிய பிறகு. 45 ஆண்டு கழித்து ஒரு கிழவர் நினைவுகூர்கிறார். அவர் பட்ட வலி பொய்யில்லை. யார் எந்த இடத்தில் நின்றார், எந்த வார்த்தையைச் சொன்னார் என்பதில் மட்டும் நாம் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டியது 1826 செப்டம்பர் 6, திறந்தது 1830இல் அதே தேதி. மாநில அனுமதியோடு லாட்டரி நடத்திப் பணம் திரட்டினார்கள். முதலில் 127 அடி, நூற்றாண்டு நினைவாக 1881இல் உயர்த்தியபோது ஏறக்குறைய 135 அடியானது. தேதிகளைக் கவனித்தீர்களா? அடிக்கல் நாட்டும்போதே சண்டை நடந்து 45 ஆண்டு ஆகியிருக்கிறது. மாண்டவர்களின் பெற்றோர் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை, விதவைகளில் பலர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பிழைத்த சிலருக்கு மட்டும் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தது.

அதற்கு முன்னால் அரசு செய்த ஒரு கைம்மாறு உண்டு. அது கோபுரத்தைவிட எனக்கு மனதை உறுத்துகிற கதை. நியூ லண்டனில் எரிந்த கட்டடங்கள் 140க்கு மேல். கிடங்குகளில் இருந்த வெடிமருந்து வெடித்துத் தீ பரவிவிட்டது, ஊரை எரிப்பது நோக்கமில்லை என்றார் ஆர்னால்டு. ஊர்க்காரர்கள் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. வீடிழந்தவர்கள் பல ஆண்டுகள் மனுப்போட்ட பிறகு, 1792இல் கனெக்டிகட் அரசு அவர்களுக்கும், பிரிட்டிஷார் எரித்த மற்ற ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து 5 லட்சம் ஏக்கர் நிலம் ஒதுக்கியது. எங்கே? இன்றைய ஓஹையோவில், பல நூறு மைல் தாண்டி. அந்தப் பகுதிக்குத் தீநிலம் என்றே பேராகிவிட்டது. அங்கே நார்வாக், நியூ லண்டன் என்று எரிந்த ஊர்களின் பேரிலேயே ஊர்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அது பூர்வகுடிகள் வாழ்ந்த மண். அவர்களோடு ஒப்பந்தம் ஆனதே 1805இல்தான். அதற்குள் உரிமை பெற்றவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், பலர் வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். அடுத்தவர் நிலத்தைக் காகிதத்தில் கொடுத்து, கையில் சேர்வதற்குள் வாங்க வேண்டியவரே இல்லாமல் போன கைம்மாறு இது. அதுவும் எரிந்த சொத்துக்கான ஈடு. கோட்டையில் போன உயிருக்கு அதில் கணக்கில்லை.

கோபுரத்துக்கே திரும்புவோம். மாண்டவர்களின் பெயர்களைச் சலவைக்கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தளபதி பேர் மட்டும் போட்டு மற்றவர்களைப் 'பல வீரர்கள்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடும் நினைவுச்சின்னங்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்! இங்கே எல்லாருக்கும் இடம் கொடுத்தார்கள், அதை மனதாரப் பாராட்டுவேன். ஆனால் பட்டியலின் கடைசிக்குப் போங்கள். நிறத்தவர் என்று தனித் தலைப்பு, அதன் கீழே இரண்டு பெயர்கள். ஒருவர் ஜார்டன் ஃப்ரீமன். லெட்யார்டு வீட்டோடு இருந்த கறுப்பினத்தவர். மான்ட்கோமரியை ஈட்டியால் குத்தியவர் இவர்தான் என்று அந்த ஊர் மரபு சொல்கிறது. மற்றவர் லேம்பர்ட் லேதம். கேப்டன் லேதம் வீட்டைச் சேர்ந்தவர். லாம்போ என்று கூப்பிடுவார்கள். கல்லிலோ சாம்போ என்று வெட்டியிருக்கிறார்கள். அது கறுப்பினத்தவரைக் கேலியாகக் கூப்பிடும் சொல். லெட்யார்டைக் கொன்றவனை லேம்பர்ட் அங்கேயே குத்தினார், பதிலுக்கு அவர் உடம்பில் 33 பயனெட் குத்துகள் விழுந்தன என்று ஒரு மரபு உண்டு. ஃப்ரீமன் கதையைப் போல இதையும் மரபு என்ற அளவில் வையுங்கள். அவர் அங்கே நின்றதிலும் மாண்டதிலும் ஐயமே இல்லை. ஒரே மதிலுக்குப் பின்னால் சேர்ந்து நின்றவர்களை 50 ஆண்டு கழித்துக் கல்லில் பிரித்தது யார் செய்த வேலை? கறுப்பின எழுத்தாளரான வில்லியம் கூப்பர் நெல் 1855இலேயே இந்தப் பட்டியலின் அநியாயத்தை அச்சில் கொண்டுவந்தார். 1911இல் கோட்டைக்குள் ஃப்ரீமன் மான்ட்கோமரியைக் குத்தும் காட்சியை வெண்கலத்தில் வைத்தார்கள். லேம்பர்ட்டின் பெயர் கல்லில் அப்படியே இருக்கிறது.

அதனால் கோபுரம் எதைப் போற்றுகிறது என்று உங்கள் மகள் கேட்டால், நான் சொல்வது இதுதான்: ஜெயித்ததைப் போற்ற அங்கே ஒன்றுமில்லை. அந்தச் சண்டையால் போரின் போக்கும் மாறவில்லை. வாஷிங்டன் திரும்பிப் பார்க்காமல் தெற்கே போனார், 43 நாள் கழித்து யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. கிராட்டன் மக்கள் நினைவில் வைக்க விரும்பியது, இரண்டு வெடிச் சத்தம் கேட்டதும் வீட்டை விட்டுப் புறப்பட்டு வந்தவர்களை. வராமல் இருந்திருக்கலாம், யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். கப்பல்கள் கண்ணுக்குத் தெரிந்தன, எத்தனை பேர் வருகிறார்கள் என்றும் ஓரளவு புரிந்திருக்கும். தெரிந்தும் வந்தார்கள். சரணடையாதது சரியா தப்பா என்று இத்தனை ஆண்டு கழித்து உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு உதவி வராது என்பது தெரியாது, ஆர்னால்டு அனுப்பிய ஆள் பாதி வழியில் இருந்ததும் தெரியாது.

சண்டை முடிந்த பிறகு நடந்ததையும் அவளுக்குச் சொல்லுங்கள். காயம்பட்டவர்களை ஒரு வெடிமருந்து வண்டியில் ஏற்றிக் குன்றிலிருந்து இறக்கினார்கள். பாரம் தாங்காமல் வண்டி கைவிட்டுப்போய் உருண்டு ஒரு மரத்தில் மோதியது. பிறகு எபெனேசர் ஏவரி என்பவர் வீட்டில் அவர்களைப் போட்டுவிட்டுப் பிரிட்டிஷார் போய்விட்டார்கள். அன்னா வார்னர் என்ற இளம்பெண் தன் மாமாவைத் தேடி வந்து, சாகக் கிடந்தவரைக் கண்டுபிடித்தாள். மனைவியையும் குழந்தையையும் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்க, திரும்ப ஓடிப்போய் இருவரையும் கூட்டி வந்தாள். கோபுரத்தின் பக்கத்திலுள்ள சின்ன அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் சங்கக் கிளைக்கு இன்று அவள் பேர்தான்.

அடுத்த முறை போகும்போது கோபுரத்தில் ஏறுவதற்கு முன் கோட்டைக்குள் போங்கள். லெட்யார்டு விழுந்த இடத்தில் கம்பி வேலிக்குள் ஒரு கல் இருக்கும். ஏவரியின் வீட்டை 1971இல் பெயர்த்துக் கொண்டுவந்து அந்தப் பூங்காவிலேயே வைத்திருக்கிறார்கள், அதையும் பாருங்கள். அப்புறம் கோபுரத்துப் பட்டியலுக்கு வாருங்கள். என் மாணவர்களைப் பட்டியலைக் கீழேயிருந்து மேலே வாசிக்கச் சொல்வேன். கடைசித் தலைப்பின் கீழே வரும் லேதமை லேம்பர்ட் லேதம் என்று வாசிக்க வேண்டும், கல்லில் என்ன வெட்டியிருந்தாலும். மேலே ஏற 166 படி, உங்கள் மகளுக்குப் பெரிய விஷயமாக இருக்காது. உச்சியிலிருந்து பார்த்தால் ஆறும், அக்கரையில் நியூ லண்டனும், கடல் வாயும் ஒரே பார்வையில் தெரியும். அன்று காலை கப்பல்கள் வந்து நின்றது அந்த வாய்ப்பக்கம்தான்.